தலை மாறிப் படுத்த மலை

போடிநாயக்கனூரிலிருந்து வெளியூர் போகும் ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் வயிற்றில் குத்தியிருக்கும் மார்க்கு நினைவிருக்கும். கடைக்குக் கடை வேறு மார்க்கு. ஒருவருக்கு யானை, ஒருவருக்குத் தராசு, இன்னொருவருக்கு இரட்டைக் கிளி. சாக்கில் குத்துவதற்கான அந்த மரக்கட்டைகளைச் செதுக்கியவர் பக்கீர் முகம்மது. பம்பாயில் யாரோ ஒரு சேட்டு மூட்டையைத் தட்டிப் பார்த்து, கிளி மார்க்கா, சரக்கு நன்றாக இருக்கும் என்று சொல்லியிருப்பார். கிளியின் மூக்கை அத்தனை அழகாக வளைத்து இறக்கியவர் யார் என்று கேட்டிருக்க மாட்டார். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

கடைவீதியில் ஜக்கையனின் டீக்கடையை ஒட்டினாற்போல அவருடைய கடை. உட்கார்ந்து கால் நீட்டினால் பாதம் வீதியில் இருக்கும், அவ்வளவுதான் இடம். சுவர் முழுக்கக் கட்டைகள். உளிகள் அவரே செய்துகொண்டவை, எல்லாம் குடைக்கம்பி. குடைக்கம்பியின் நீளத்துக்கு ஒரு பள்ளம் ஓடுமல்லவா, அதன் நுனியைத் தீட்டி ஒரு பிடியில் செருகினால் மயிரிழை போலக் கோடு இழுக்கலாம். மழைக்காலம் முடிந்தால் ஊரிலுள்ள ஒடிந்த குடைகளெல்லாம் பக்கீரண்ணன் கடையில் வந்து சேர்ந்துவிடும்.

சாக்கில் எழுத்து நேராக விழவேண்டுமானால் கட்டையில் அதை இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். இதையே சிறுவயதிலிருந்து செய்து, திருப்பி எழுதுவதே அவர் கைக்கு இயல்பாகிவிட்டது. அவர் மனைவி கமர்நிசா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்: "கல்யாணமான புதுசுல எங்க அத்தாவுக்குக் காயிதம் எழுதிப் போட்டாக. அடியில பேரைத் திருப்பி எழுதி வெச்சிட்டாக. எங்க அத்தா கண்ணாடி முன்னாடி பிடிச்சுப் பாத்துட்டு, மாப்பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டு ஆள் அனுப்பிட்டாக."

நான் ராசிங்காபுரத்தில் காடுகரை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. எங்கள் வகையறாவில் முதன்முதலாக மதுரைக்குப் போய் பி.ஏ. முடித்தவன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் ஆசைதான். 1956இல் போடியில் ஒரு கமிஷன் கடையில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலையில் இருந்தேன். கடைக்குப் புது மார்க்கு வேண்டும் என்று பக்கீரண்ணனிடம் போனபோது, மாதிரி தேடி அவர் திறந்த பெட்டிக்குள் கத்தையாகத் தாள்கள் கிடந்தன. ஜக்கையன் டீ ஆற்றுகிறார். கழுதை ஒன்று பொதியோடு மழையில் நிற்கிறது. தேவாரம் பக்கம் யானை மிதித்துப்போன சோளக்காடு. எல்லாம் கறுப்பு வெள்ளை. மிஞ்சிய மரத்துண்டில் செதுக்கி, மை தடவி, ஈரத்தாளைப் பரப்பி, வழவழப்பாக்கிய சிரட்டையால் தாளின் முதுகைத் தேய்த்து எடுத்தவை.

"அண்ணே, இதெல்லாம் மார்க்கா?"

"மார்க்கு இல்லப்பா. சும்மா. சோலி இல்லாதப்ப."

கல்லூரியில் எங்கள் சித்திர ஆசிரியர் அறையில் இந்த மாதிரி மரச்செதுக்குப் படங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தவன் நான். மதுரையில் ஓவியக் கழகம் ஒன்று தை மாதத்தில் சித்திரக் கண்காட்சி நடத்தப்போவதும் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியின் முன்னால் நின்றபடியே சொன்னேன், ஒரு படம் பெரிதாகச் செய்யுங்கள், அனுப்புவோம் என்று.

பக்கத்துக் கடையிலிருந்து ஜக்கையன் எட்டிப் பார்த்தார். "அச்சுல அடிச்சதையா மாட்டுவாங்க? எங்கடையில முருகன் காலண்டரு இருக்கு. அதுவும் அச்சுல அடிச்சதுதான். அதையும் கொண்டு போங்களேன்."

"அது வேற, இது வேற அண்ணே," என்றார் பக்கீரண்ணன். "காலண்டரு முருகனை எவனோ ஒருத்தன் சாயத்துல எழுதியிருப்பான். அந்தப் படம் எங்கயோ ஒரு வீட்டுல இருக்கும். அதைப் போட்டோ பிடிச்சு மிசின்ல அடிச்சு விட்டுருக்கான். என்னுதுக்கு அப்படி முந்தின படமே கெடையாது. கட்டையப் பாத்தா மேடும் பள்ளமும்தான் தெரியும். தாள்ல விழுந்தாத்தான் படம்."

"அப்ப கட்டை அசலா, தாளு அசலா?"

"தாளுதான். விழுகிற ஒவ்வொரு தாளும் அசலு."

"பத்து தாளு விழுந்தா?"

"உங்களுக்கு ஆறு பிள்ளைக. இதுல எது அசலு, எது காப்பின்னு நான் கேட்டனா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஜக்கையன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்று மாலை பக்கீரண்ணன் என்னிடம் தனியாகச் சொன்னது மறக்கவில்லை. "பி.ஏ. தம்பி, இத்தனை வருசமா ஊரார் பேரையே செதுக்கிட்டேன். மூட்டையில எம்பேரு வராது, வரவும் கூடாது. ஒரே ஒரு படத்துல, அடியில எம்பேரைப் போட்டு, நாலு பேரு பாக்குற எடத்துல தொங்கணும்." அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எதைச் செதுக்குவது என்று அவர் யோசிக்கவே இல்லை. போடியில் மேற்கே பார்த்தால் எழுந்து நிற்கும் மலையில் ஒரு முகடு உண்டு. வலப்பக்கம், அதாவது வடக்கே, தூக்கிய தலை. அதை ஒட்டி ஒரு பள்ளம். பிறகு தெற்கே நீளும் முதுகு. ஊரில் அதைப் படுத்த மாடு என்போம். நன்றாக உலர்ந்த பெரிய மஞ்சக்கடம்புப் பலகை ஒன்றை அவர் எதற்கோ பத்திரப்படுத்தி வைத்திருந்தார். தினமும் விடியலில் மொட்டைமாடியில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். மலையைப் பார்ப்பார், செதுக்குவார், மறுபடி பார்ப்பார். செதுக்கிய இடம் வெள்ளையாக விழும், விட்ட இடம் கறுப்பாக விழும். ஆகவே அவர் செதுக்கியது மலையை அல்ல, அதைச் சுற்றியிருந்த வெளிச்சத்தை. மேகம், முகட்டின் விளிம்பு, சரிவில் வழியும் நீர்க்கோடுகள். கீழ்ப்பாகத்தை அப்படியே விட்டுவைத்து, அதுவரை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு தாள் எடுத்தார்.

அதை எடுத்தபோது கடை முன்னால் ஒரு கூட்டமே நின்றது. தாளை மூலையிலிருந்து மெல்ல உரித்துத் தூக்கினார். மேகம் மேகமாகவே இருந்தது. நீர்க்கோடு ஈரமாகவே இருந்தது. பிறகு ஜக்கையன் வாயைத் திறந்தார்.

"ஏய், மாடு தலையை மாத்திப் படுத்திருச்சுடோய்!"

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. வலப்பக்கம் இருக்கவேண்டிய தலை இடப்பக்கம் இருந்தது.

மாநிலங்களைப் பிரித்து, ஏலமலை கேரளத்தோடு சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கடைவீதியில் அந்தப் பேச்சு ஓயாத நேரம். ஜக்கையன் விடுவாரா? "மலை கேரளாவுக்குப் போனதும் மாடும் அங்கிட்டுத் திரும்பிருச்சுப்பா! பாய்க்கு முன்னாடியே தகவல் வந்திருச்சு போல!"

பக்கீரண்ணனும் சிரித்தார், ஆனால் முகம் சிறுத்துவிட்டது. ஒரு எழுத்தைக்கூட அவர் வாழ்நாளில் தப்பாகச் செதுக்கியதில்லை. எழுத்து என்றால் கை தானாகத் திருப்பிக்கொள்ளும். மலை எழுத்து இல்லையே. கண் எப்படிப் பார்த்ததோ அப்படியே கை போட்டுவிட்டது. வேறு எவர் செய்தாலும் முதல் நாளே ஞாபகம் வந்திருக்கக்கூடிய சங்கதி. திருப்புவதையே நினைக்காமல் திருப்பிப் பழகிய ஆளுக்குத்தான் அது கடைசிவரை நினைவுக்கு வராமல் போனது.

"வேற கட்டை போடுவோம் அண்ணே," என்றேன்.

"இம்புட்டு அகலத்துக்குக் காஞ்ச மரம் இப்ப எங்க போறது? பச்சை மரத்துல போட்டா தை மாசத்துக்குள்ள வெடிச்சிரும்." கட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தினார். தாளை ஜக்கையனிடம் கொடுத்தார். "வெச்சுக்கங்க அண்ணே. காலண்டருக்குப் பக்கத்துல ஒட்டுங்க."

ஜக்கையன் மெய்யாகவே ஒட்டினார். வந்தவர்களெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வாரம் அந்தக் கடைப் பக்கம் குடைக்கம்பிச் சத்தமே கேட்கவில்லை.

சந்தை நாளன்று மலையிலிருந்து ராக்கு இறங்கி வந்தாள். மலை உச்சி மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் எடுப்பவள், அங்கேயே லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், குடியிருப்பவள். சாமான் வாங்கிக்கொண்டு, ஏறுமுன் ஜக்கையன் கடையில் ஒரு டீ குடிப்பாள். அன்று தம்ளரைக் கையில் வாங்கியவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இது எங்க மலையில்ல? யாரு போட்டது?"

"உங்க மலையா?" என்றார் ஜக்கையன். "நல்லாப் பாரு தாயி. இது எங்க மாடு. பாய் தலைகீழாப் போட்டுட்டாரு."

"என்னத்தத் தலைகீழா? எங்க லயத்து வாசல்ல நின்னா இப்படித்தான் படுத்திருக்கும். இந்தா பாரு தலை, இந்தா பள்ளம். தெனமும் இதுக்குப் பொறகாலதான பொழுது கெளம்புது. நான் பாக்காததையா நீ பாத்த?" அடுத்த கடையை எட்டிப் பார்த்தாள். "பாய், எங்க பக்கம் எப்ப வந்தீக? வந்தா ஒரு வாய் சாயா குடிக்காம வந்திருக்கீகளே."

பக்கீரண்ணன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். அவர் மலைக்கு மேலே போனதே கிடையாது. போடிக்காரர்கள் பலரும் அப்படித்தான். காய்தான் இறங்கி வரும்.

ராக்குவை அன்றிரவு கமர்நிசாவோடு தங்கவைத்து, மறுநாள் விடியலில் பக்கீரண்ணனும் நானும் அவளோடு புறப்பட்டோம். பொதிக்கழுதைகள் போகும் பாதை. ராக்கு தலையில் அரிசி மூட்டையோடு முன்னால் போக, வெறுங்கையோடு நாங்கள் மூச்சு வாங்கினோம். "வெரசா வாங்க, ஆம்பளைகளா," என்று திரும்பித் திரும்பிச் சொன்னாள். பக்கீரண்ணன் நின்று நின்று காலிலிருந்த அட்டைகளைப் பிடுங்கிப் போட்டார். மேட்டைத் தாண்டியதும் எஸ்டேட் ஜீப்பு ஒன்று ஏற்றிக்கொண்டது. லயத்தில் போய் இறங்கி, ராக்கு கைகாட்டிய பக்கம், வந்த திசையையே திரும்பிப் பார்த்தோம்.

மாடு படுத்திருந்தது. தலை இடப்பக்கம். அவர் செதுக்கிய பள்ளம், அவர் செதுக்கிய முதுகு. இந்தப் பக்கமிருந்து சற்றுக் குட்டையாகத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கீரண்ணன் சொன்னார்: "நாங்க பாக்குறதுதான் இதோட மொகம்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்."

"நல்லா நெனச்சீக," என்றாள் ராக்கு. "உங்களுக்குத் தெரியிறது முதுகுன்னுல்ல நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம்."

அன்றிரவு அங்கேயே தங்கி, மறுநாள் பகல் முழுவதும் ஏலக்காட்டுக்குள் இருந்தோம். பெரிய மரங்களின் நிழலில் வளரும் செடி அது. உச்சிப் பொழுதிலும் உள்ளே இருட்டு. காய் மேலே இல்லை, தூரடியில், மண்ணை ஒட்டி. எடுப்பவர்கள் நாள் முழுக்கக் குந்தியே நகர்கிறார்கள். மேலேயிருந்து ஒரு இலை விளிம்பில், ஒரு கொண்டையில், ஒரு விரலில் மட்டும் வெளிச்சம் வந்து உட்காருகிறது. பக்கீரண்ணன் என் கையைப் பிடித்தார். "கீழ்ப்பாதியை நான் எதுக்குக் கறுப்பா விட்டு வெச்சேன்னு இப்பத்தான் தெரியுது தம்பி. இந்த இருட்டை நான் செதுக்கவே வேண்டாம். அது கட்டையில இருக்கு. வெளிச்சத்தை மட்டும் எடுத்துவிட்டாப் போதும்."

இறங்கி வந்த பிறகு அவர் வேலை செய்ததைப் பார்க்கவேண்டுமே. கீழ்ப்பாதியில் ஏலக்காடு முளைத்தது. அதில் குந்தியிருக்கும் ஒருத்தி. இந்தத் தடவை அவர் ஏமாறவில்லை. மெல்லிய தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்து ஒட்டி, அதன்மேல் செதுக்கினார். அப்படியும் முதல் தாள் விழுந்ததும் ஜக்கையன்தான் முந்திக்கொண்டு பார்த்தார். "சோத்துக்கைதான். சரியாத்தான் எடுக்குறா. மாட்டைத்தான் விட்டுட்டீக, பொம்பளையை விடலை!" சுவரில் ஒட்டிய பழைய தாளை அவர் கிழிக்கப் போனபோது பக்கீரண்ணன் தடுத்துவிட்டார். அது இருக்கட்டும், அது மலை வந்த வழி என்றார்.

இருபது தாள் எடுப்பது என்று முடிவு. ஒன்றைப் போல ஒன்று விழாது. ஈரம் கொஞ்சம் கூடினால் மேகம் ஊறும், சிரட்டை கொஞ்சம் அழுந்தினால் காடு மூடிக்கொள்ளும். மனதுக்கு ஒப்பாததை இரக்கமில்லாமல் கிழித்தார். தேறியவற்றின் அடியில் பென்சிலால், இருபதில் இது எத்தனையாவது என்று எழுதினார். பக்கத்தில் தன் பெயர். முதலாவது தாள் ராக்குவுக்கு என்று ஒதுக்கி வைத்தார்.

கண்காட்சியின் விதிகளில் ஒன்றை நான் அப்போதுதான் படித்துக் காட்டினேன். அச்சுப் படம் என்றால் கட்டையைச் செதுக்குவதும் அச்சு எடுப்பதும் ஓவியரே செய்திருக்கவேண்டும். சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் கட்டையின் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டு, இனி அதில் வேறு தாள் எடுக்க முடியாது என்பதற்கு அந்த வெட்டு தெரிய ஒரு தாளும் எடுத்து அனுப்பவேண்டும்.

கேட்டதும் கமர்நிசா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு அதன் கனம் புரியாது. போடியில் ஒரு கமிஷன் கடை நொடித்து மூடினால், அந்தக் கடையின் மார்க்கை வேறு யாரும் மட்டச் சரக்கில் குத்திவிடக் கூடாது என்று கட்டையைச் செதுக்கியவரிடமே கொண்டுவந்து குறுக்கு வெட்டுப் போடச் சொல்வார்கள். வெட்டுப்பட்ட கட்டை என்றால் செத்த கடை.

"நல்லா இருக்கிற கட்டைக்கு யாராவது குறுக்கு வெட்டுப் போடுவாகளா? மலையே நொடிச்சுப் போச்சுன்னு ஊருல சொல்றதுக்கா?"

சேதி பரவி, அழகுமலை வந்து சேர்ந்தார். ஏலக்காய் வியாபாரி, பெரிய கடை. "பக்கீரு, அதை ஏன் வெட்டுற? எனக்குக் கொடு. என் மூட்டையில போட்டுக்கறேன். பம்பாய், கல்கத்தா, அரபு தேசம் வரைக்கும் உன் மலை போகும். மதுரையில ஒரு சுவத்துல தொங்குறது பெருசா, சீமையெல்லாம் சுத்துறது பெருசா?"

இரண்டு நாள் பக்கீரண்ணன் அந்தக் கட்டையைத் துடைப்பதும் வைப்பதுமாக இருந்தார். வெட்டாவிட்டால் படத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வெட்டினால், கை வைத்து இத்தனை நாள் செய்ததில் மிகச் சிறந்த வேலையைத் தானே கொல்லவேண்டும். மூன்றாம் நாள் அழகுமலையைத் தேடிப் போய்ச் சொன்னார்:

"மூட்டையில குத்துனா அது உங்க மலை முதலாளி. எம்பேரு அதுல இருக்காது. உங்களுக்குப் புதுசா ஒரு மார்க்குச் செதுக்கித் தாரேன். நம்ம பக்கத்து மாடு, தலை வடக்க பாத்தபடி, திருத்தமா. இந்தக் கட்டையை மட்டும் விட்டுருங்க."

"புதுசுல தலை சரியா இருக்குமில்ல?"

"மார்க்குன்னா எங்கை தப்பாது."

கமர்நிசாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பாடாக இருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நொடிச்ச கட்டைக்கு யாரும் பாத்தியா ஓதிச் சர்க்கரை கொடுக்க மாட்டாக. இதுக்குக் கொடுப்போம். அப்ப ஊருக்கு வித்தியாசம் தெரியுமில்ல? வேலை முடிஞ்சதுக்கு ஒரு மரியாதை."

அப்படியே நடந்தது. பள்ளிவாசல் அசரத்தை வரவழைத்து ஓதச் சொல்லி, வீதியில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்கள். ஜக்கையன் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். பிறகு பக்கீரண்ணன் அகலமான உளி ஒன்றை எடுத்தார். வான மூலையில் தொடங்கி, மாட்டின் முதுகைத் தாண்டி, ஏலக்காடு வரைக்கும் ஒரே இழுப்பு. மை தடவித் தாள் எடுத்தபோது மலையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அன்று தன் படத்தை வாங்கிப்போக வந்திருந்த ராக்கு அதை உற்றுப் பார்த்தாள்.

"இது என்ன பாய், புதுசாப் போட்ட எல்லையா? நல்லவேளை, எனக்குக் கொடுத்ததுல இது இல்ல."

தை மாதம் நாங்கள் ஐந்து பேர் ரயிலேறி மதுரைக்குப் போனோம். பக்கீரண்ணன், கமர்நிசா, ஜக்கையன், நான், கடையைச் சாத்திவிட்டு அழகுமலை. ராக்குவுக்குக் காட்டில் லீவு கிடைக்கவில்லை. கண்காட்சி மண்டபத்தில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பெரிய பெரிய படங்கள். பரிசு அவற்றில் ஒன்றுக்குப் போயிருந்தது. எங்கள் மலை ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், நல்ல வெளிச்சத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வண்ணம் எதுவும் இல்லாத அந்தப் படத்தின் முன்னால்தான் ஆட்கள் நின்று நின்று போனார்கள். அதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு தூணோரம் நின்று கவனித்துக்கொண்டே இருந்தேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்டார். "அச்சுப் படமா? இதோட அசல் எங்கே இருக்கு?"

பக்கீரண்ணன் வாயைத் திறப்பதற்குள் ஜக்கையன் முன்னால் போனார். "அசலு இதுதாங்கய்யா. இருபது எடுத்தாரு, இருபதும் அசலு. இனிமே எவன் நெனச்சாலும் இன்னொண்ணு எடுக்க முடியாது. கட்டைக்கு வெட்டுப் போட்டாச்சு, நான் சர்க்கரை தின்னேன்." சொல்லிவிட்டு, படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இது மலையோட அந்தப் பக்கங்க. அங்க இருந்து பாத்தா இப்படித்தான் படுத்திருக்கும்."

பக்கீரண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். படத்தை அவர் பார்க்கவில்லை. கமர்நிசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கமர்நிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரை நெருங்கினார். மாட்டையோ காட்டையோ அவர் கண்டுகொள்ளவில்லை. குனிந்து, சட்டத்தின் கீழோரத்தில் பென்சிலால் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பேரு நேராத்தான் இருக்கு."